ஓடைகளை அளப்பது குறித்து கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும்,
கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
பரிசர பவன், சர்ச் தெரு, பெங்களூரு.

வணக்கம்.

பெங்களூரு ஏரிகளிலிருந்து எடுக்கப்படும் நீர் மாதிரிகளின் முடிவுகளைத் தங்கள் வாரியம் வெளியிட்டு வருகிறது. அந்த அட்டவணைகளைத் தொடர்ந்து வாசித்து வரும் அல்சூர்வாசி என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஏரியில் செய்யும் அளவீட்டை, ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளுக்கும், ராஜகால்வாய்கள் எனப்படும் பெரிய மழைநீர் வடிகால்களுக்கும் நீட்டுங்கள். ஒரு கிளை இன்னொன்றோடு சேரும் ஒவ்வொரு முக்கிய இடத்திலும் நீரின் தரத்தோடு அதன் ஓட்டத்தையும் அளந்து, எந்தக் கிளை நாளொன்றுக்கு எவ்வளவு கழிவைச் சுமந்து வருகிறது என்பதை ஊரறிய வெளியிடுங்கள். இம்மடலின் மையக் கோரிக்கை இதுவே. இது ஏன் தேவை, எப்படிச் செய்யலாம் என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதன் கன்னட வடிவத்தைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழிலும் எழுதி வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஈஜிபுராவிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக் கழிவுநீர் இந்தப் பள்ளத்தாக்குகளில்தான் இறங்குகிறது. அதே நீர் மாநில எல்லையைத் தாண்டி ஓசூர்ப் பக்கம் போய்ச் சேரும்போது அதை வயலுக்குப் பாய்ச்சுகிறவர்களும் தமிழர்களே. அவர்களில் பலர் எங்களுக்கு உறவினர்கள். ஓடையின் தலைப்பில் இருப்பவர்களும் கடைமடையில் இருப்பவர்களும் ஒரே எண்களை முன்னே வைத்துப் பேச முடிய வேண்டும் என்பது என் விருப்பம்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் மேட்டு நிலத்தில் அமைந்த நகரம். வெளியிலிருந்து எந்தப் பெரிய ஆறும் இதற்குள் வந்து பாய்வதில்லை. இங்கிருந்துதான் ஓடைகள் கிளம்புகின்றன. மேட்டின் மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதியில் சேர்ந்து, கெங்கேரி, பைரமங்கலா வழியாக அர்க்காவதியை அடைந்து, சங்கமம் என்னும் இடத்தில் காவிரியோடு கலக்கிறது. கிழக்குச் சரிவின் நீர் கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்குகள் வழியே பெல்லந்தூர் ஏரிக்கும் அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போய், தட்சிண பினாகினியில் இறங்குகிறது. அந்த ஆற்றைத்தான் எல்லைக்கு அப்பால் தென்பெண்ணை என்கிறோம். கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை என்று நிறைந்து, கடலூர் அருகே அது கடலில் கலக்கிறது. நகரத்துக்கான குடிநீரோ சங்கமத்துக்கு மேலேயே காவிரியிலிருந்து எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் குழாய்களில் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்காக அதே ஆற்றிலிருந்து நீர் எடுப்பது சங்கமத்துக்குக் கீழே. ஆக, பெங்களூரின் ஓடைகள் என்ன நிலையில் இருக்கின்றன என்பது பெங்களூருக்குள் முடிந்துவிடும் விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை.

ஏரிகளில் என்ன நடந்தது என்பதைத் தங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2015இல் பெல்லந்தூரில் நுரை பற்றி எரிந்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அதே ஏரி மீண்டும் எரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, 2018 டிசம்பரில் மாநில அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகு பெல்லந்தூரிலும் வர்த்தூரிலும் ஆகாயத்தாமரையை அகற்றவும் வண்டலை அள்ளவும் பெரும் பணம் செலவிடப்பட்டிருக்கிறது. அந்த வேலைகளைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வண்டலை அள்ளிய ஏரிக்குள் மறுநாளே நுழையும் நீர் எப்படிப்பட்டது, அதில் எத்தனை பங்கு எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்ற கணக்கு பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் இல்லை.

தற்போதைய அட்டவணையின் முதல் குறை அதன் வகுப்புகளிலேயே இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த ‘ஏ’ முதல் ‘ஈ’ வரையிலான ஐந்து வகுப்புகளில் நம் ஏரிகள் பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் அடங்குகின்றன. காட்டுயிர்களுக்கும் மீன்வளர்ப்புக்கும் உரிய ‘டி’ வகுப்புக்கு, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, தனி அமோனியா 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்புகள் உண்டு. பாசனத்துக்கும் தொழிற்சாலைக் குளிரூட்டலுக்கும் உரிய ‘ஈ’ வகுப்புக்கோ pH எனப்படும் கார அமிலத்தன்மை, நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், சோடியம் விகிதம், போரான் ஆகிய நான்கு மட்டுமே பார்க்கப்படுகின்றன. ஆக்சிஜனுக்கும், பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கும் (நுண்ணுயிர்கள் கழிவை உண்ணச் செலவாகும் ஆக்சிஜன்), மலக் கிருமிகளைக் காட்டும் கோலிஃபார்முக்கும் அங்கே வரம்பே கிடையாது. சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடை நீரே பல நேரம் அந்த நான்கு வரம்புகளுக்குள் அடங்கிவிடும். அப்படியிருக்க, ஓர் ஏரி இந்த மாதமும் ‘ஈ’ வகுப்பில் இருக்கிறது என்ற செய்தியிலிருந்து கெலவரப்பள்ளிக் கால்வாயில் கால் நனைக்கும் விவசாயி என்ன தெரிந்துகொள்ள முடியும்? பாசனத்துக்கு உகந்தது என்ற பெயரே அவரைத் தவறாக வழிநடத்தும்.

இரண்டாவது குறை, செறிவை மட்டும் அளந்து ஓட்டத்தை விட்டுவிடுவது. இதுவே எல்லாவற்றிலும் பெரிய குறை என்று கருதுகிறேன். ஒரு கால்வாயில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் ஓடுகிறது, அதன் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு சிறு கால்வாயில் 50 லட்சம் லிட்டர் ஓடுகிறது, அதன் பி.ஓ.டி. 200 மில்லிகிராம். செறிவை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதுதான் மோசம் என்று முடிவு கட்டுவார். பெருக்கிப் பார்த்தால் முதல் கால்வாய் ஒரு நாளில் 3,000 கிலோ ஆக்சிஜனுக்கு இணையான கழிவை ஏரிக்குள் கொண்டுபோய்க் கொட்டுகிறது. இரண்டாவது 1,000 கிலோதான். எந்தக் கால்வாயில் முதலில் தடுப்புச் சுவரும் திருப்புக்குழாயும் அமைப்பது, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்குவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு இந்தப் பெருக்கல் தெரியாமல் ஒரு ரூபாயைக்கூடச் சரியான இடத்தில் செலவிட முடியாது. வீட்டு வரவுசெலவில் மாதக் கடைசியில் கையில் நின்ற மிச்சத்தை மட்டும் எழுதிவைத்து, எந்த வகையில் எவ்வளவு போனது என்பதை எழுதாமல் விட்டது போன்ற நிலையில்தான் ஏரி அட்டவணை இப்போது இருக்கிறது.

ஓட்டத்தை அளப்பது அப்படியொன்றும் கடினமல்ல. நகரத்தின் பெரும்பாலான ராஜகால்வாய்களுக்கு இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பப்பட்டுவிட்டது. ஓடைகளின் நலனுக்கு அது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. மண்ணோடும் செடியோடும் ஓடுகிற நீர் வழியிலேயே ஓரளவு தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும், கான்கிரீட் பெட்டியில் அதற்கு வழியில்லை. ஆனால் அளவீட்டுக்கு அந்தச் சுவர்கள் உதவும். அகலம் மாறாதது, ஆழத்தையும் வேகத்தையும் அளந்தால் போதும். மேற்பரப்பின் வேகத்தை ஏறத்தாழ 0.85 ஆல் பெருக்கினால் சராசரி வேகம் கிடைக்கும் என்பது நீரியல் பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் வழக்கம். மேலும், வெள்ள எச்சரிக்கைக்காகக் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் நகரின் கால்வாய்களில் நீர்மட்ட உணரிகளை ஏற்கெனவே பொருத்தியிருக்கிறது. வெள்ளத்துக்காக அளக்கப்படும் அதே நீர்மட்டத்தை வைத்து மழையில்லாத நாள்களின் ஓட்டத்தையும் கணக்கிட முடியும். அந்த எண்களைத் தங்கள் வாரியம் கேட்டுப் பெற்றுத் தரத்தோடு இணைத்தால், புதிதாகச் செலவு செய்யாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

மழையில்லாத நாள்கள் என்று சொன்னதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பெங்களூரின் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் பெய்துவிடுகிறது. மேட்டில் பிறக்கும் இந்த ஓடைகள் இயல்பில் மழைக்கால ஓடைகள். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இவை மணல் தெரிய வறண்டு கிடக்க வேண்டியவை. இன்று அந்த மாதங்களிலும் கரை தொட்டு ஓடுகின்றன என்றால், ஓடுவது மழைநீர் அல்ல. யாரோ குளித்த, துவைத்த, கழுவிய, கழித்த நீர். அதில் ஒரு பகுதி சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து முறையாக வெளியேறியதாக இருக்கலாம். மிச்சம் உடைந்த பாதாளச் சாக்கடைக் குழாயிலிருந்தும், நிரம்பி வழியும் மேன்ஹோலிலிருந்தும், இணைப்பே பெறாத தெருக்களிலிருந்தும், இயங்காமல் நிற்கும் அடுக்குமாடி வளாகச் சுத்திகரிப்புத் தொட்டிகளிலிருந்தும் வந்தது. ஆகவே கோடை நடையாய்வு ஒன்றை ஆண்டுதோறும் நடத்துங்கள். கோடையில் கால்வாயின் ஓரமாக, கீழிருந்து மேலாக நடந்து, ஈரம் தெரியும் ஒவ்வொரு குழாய் வாயையும் படமெடுத்து வரைபடத்தில் குறித்து, அதன் ஓட்டத்தையும் மின்கடத்துதிறனையும் அமோனியாவையும் அந்த இடத்திலேயே அளந்து எழுதுவதுதான் அந்த ஆய்வு. வறண்ட காலத்தில் ஈரமாக இருக்கும் குழாய் எதுவோ அதுவே விசாரிக்கப்பட வேண்டிய குழாய். ஆய்வகத்தின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எந்த வீட்டுத் தொகுதியிலிருந்து வருகிறது என்பதில் ஐயம் இருந்தால், தீங்கற்ற சாயத்தை மேல்நிலை மேன்ஹோலில் ஊற்றி அது எங்கே வெளிப்படுகிறது என்று பார்க்கும் எளிய முறையும் இருக்கிறது.

எந்த நேரத்தில் மாதிரி எடுக்கப்படுகிறது என்பதும் கவனிக்கப்பட வேண்டியது. தேங்கிய நீரிலும் மெதுவாக ஓடும் நீரிலும் பாசி பகல் முழுதும் ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசியும் பாக்டீரியாக்களும் அந்த ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அதனால் ஆக்சிஜன் பிற்பகலில் மிக உயர்ந்தும் விடியலுக்குச் சற்று முன் மிகத் தாழ்ந்தும் இருப்பது கழிவுச்சத்து மிகுந்த நீரின் இயல்பு. நம் நகரத்தின் உயரத்தில், 25 டிகிரி வெப்பநிலையில், நீர் இயல்பாக ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்த மாதிரியில் 11 அல்லது 12 என்று வந்தால், அட்டவணையில் அது மிக நல்ல நீராகத் தோன்றும். உண்மையில் அது அடுத்த விடியலில் மீன்கள் மூச்சுமுட்டிச் சாகப்போகின்றன என்பதற்கான முன்னறிவிப்பு. பிற்பகலில் பாசியின் செயலால் நீரின் காரத்தன்மை ஏறும்போது அமோனியாவின் நச்சுப் பகுதியும் ஏறுகிறது: கார அமிலத்தன்மை 7இல் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருப்பது, 9ஐத் தொடும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு அருகே, திருவள்ளுவர் சிலை பார்த்துக்கொண்டிருக்கும் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஓர் ஆபத்தை மாதம் ஒருமுறை பகலில் எடுக்கும் ஒற்றைப் பாட்டில் நீர் ஒருநாளும் முன்கூட்டிச் சொல்லாது. குறைந்தது கோடை மாதங்களிலாவது விடியலுக்கு முன் ஓர் அளவீடும் பிற்பகலில் ஓர் அளவீடும் ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும்.

முதல் மழையும் தனியே அளக்கப்பட வேண்டிய நிகழ்வு. வர்த்தூர் ஏரியின் உபரிநீர் வழியும் கோடியில் நுரை பொங்கி எழுவது வறண்ட மாதங்களைவிட மழை தொடங்கும் நாள்களில்தான் அதிகம். துணிசோப்புத்தூளின் நுரைக்கும் பொருள்கள் மாதக்கணக்கில் ஏரியின் அடிச்சேற்றில் ஒட்டிப் படிந்திருக்கின்றன. பெருமழையின் வேகத்தில் சேறு கலங்கும்போது அவை மீண்டும் நீருக்கு வந்து, கோடியிலிருந்து விழும் வீழ்ச்சியில் காற்றோடு அடிபட்டு நுரையாகின்றன. இதை நம் நகரத்து இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். கழிவுநீரோடு வரும் பாஸ்பரஸ் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் உரமாகிறது. அதில் ஒரு பங்கு நம் ஒவ்வொரு வீட்டின் சலவை இயந்திரத்திலிருந்தும் போவதுதான். ஆனால் எத்தனை பங்கு என்று தெரிய வேண்டுமானால் பாஸ்பேட்டும் நுரைக்கும் பொருள்களும் கால்வாய்தோறும் அளக்கப்பட வேண்டும். ஏரியில் மட்டும் அளந்தால் இந்த ஆண்டு வந்ததும் பழைய சேற்றிலிருந்து கிளம்பியதும் பிரித்தறிய முடியாமல் கலந்து நிற்கும்.

இப்போது விருஷபாவதிக்கு வருகிறேன். பசவனகுடியின் நந்தி கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் அந்த ஆற்றில் வீட்டுக் கழிவோடு தொழிற்கழிவும் கலக்கிறது. பீன்யாவைச் சுற்றி உலோக முலாம் பூசும் சிறு பட்டறைகள் நிறைய. அந்த வட்டார நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் ஆராயப்பட்டும் வருகிறது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இங்கே ஆக்சிஜனையும் பி.ஓ.டி.யையும் மட்டும் பார்ப்பது போதாது என்பதோடு, சில நேரம் ஆபத்தானதும்கூட. பி.ஓ.டி. என்பது நீரிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவை உண்ணும்போது செலவாகும் ஆக்சிஜனை அளப்பது. இந்தியாவில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருந்து அளக்கிறோம். நச்சு உலோகங்கள் அந்த நுண்ணுயிர்களையே கொன்றுவிட்டால் ஆக்சிஜன் செலவாகாது, எண் குறைவாக வரும், நீர் நல்லதாகத் தெரியும். பைரமங்கலா அணைநீரில் காய்கறியும் தீவனப்புல்லும் விளைவிக்கும் விவசாயிகளுக்கு அந்தக் குறைந்த எண்ணால் என்ன பயன்?

தொழிற்கழிவு பகலில் பத்து மணிக்கு ஆய்வாளர் வரும் நேரம் பார்த்து ஓடிவராது. டேங்கர் லாரிகள் இரவில் கால்வாய் ஓரம் நிற்பதைக் கரையோரத்தில் வாழும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, சந்திப்புகளில் மின்கடத்துதிறனையும் கார அமிலத்தன்மையையும் ஆக்சிஜனையும் இரவும் பகலும் பதிவுசெய்யும் உணரிகள். அவற்றால் குரோமியத்தை நேரடியாக அளக்க முடியாது. ஆனால் அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு கிளையில் மட்டும் மின்கடத்துதிறன் திடீரென்று எகிறினால், எந்தக் கிளையில், எந்த நேரத்தில் ஆளனுப்ப வேண்டும் என்பதை அவை சொல்லிவிடும். மற்றொன்று, அடிச்சேற்றை ஆண்டுக்கு இருமுறை எடுத்து உலோகங்களுக்காகச் சோதிப்பது. ஓடும் நீர் சில மணி நேரத்தில் தடயத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். சேறு அதைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்குக் கிளை சேற்றை ஒப்பிட்டுக்கொண்டே மேலே போனால், எந்த வளைவுக்கு மேல் குரோமியமும் நிக்கலும் இல்லாமற் போகின்றனவோ அதற்குச் சற்றுக் கீழேதான் மூலம் இருக்கிறது.

சட்டம் இதற்கெல்லாம் இடம் தருகிறது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எந்த வெளியேற்றுக் குழாயிலிருந்தும் மாதிரி எடுக்கும் உரிமையையும், அந்த மாதிரி நீதிமன்றத்தில் நிற்பதற்கான நடைமுறையையும் விரிவாகச் சொல்கிறது. 33ஏ பிரிவின்படி ஆலையை மூடவும் மின்சாரத்தையும் குடிநீரையும் துண்டிக்கவும் தங்களால் உத்தரவிட முடியும். இவற்றைத் தாங்கள் பயன்படுத்தி வருகிறீர்கள் என்பதை அறிவேன். பொதுமக்கள் சார்பில் நான் சுட்டிக்காட்ட விரும்புவது 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவை. கழிவுநீர் வெளியேற்ற அனுமதி பெற்ற ஒவ்வொருவருக்கும் விதிக்கப்பட்ட நிபந்தனைகள் அடங்கிய பதிவேட்டை வாரியம் பராமரிக்க வேண்டும், அந்த வெளியேற்றத்தால் பாதிக்கப்படும் எவரும் அதைப் பார்வையிடலாம் என்கிறது அது. ஐம்பது ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்ட இந்த உரிமையை இன்று ஒரு வரைபடமாக மாற்றித் தாருங்கள். அனுமதி பெற்ற ஒவ்வொரு குழாய் வாயும், அதற்கு விதிக்கப்பட்ட அளவும், கடைசியாக அளந்த எண்ணும் அதில் இருக்கட்டும். அந்த வரைபடத்தில் இல்லாத குழாயிலிருந்து கால்வாயில் நீர் விழுவதைக் காணும் எவரும் அது அனுமதியற்றது என்று அந்த நொடியே தெரிந்துகொள்வார்.

உயிரினங்களைக் கொண்டு நீரை மதிப்பிடும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கற்களின் அடியிலும் சேற்றிலும் வாழும் சிறு பூச்சிகளின் இளம்பருவங்கள் பல வாரங்கள் அதே இடத்தில் வாழ்கின்றன. அந்த வாரங்களில் எந்த இரவில் நஞ்சு வந்தாலும் அவற்றுக்குத் தப்ப வழியில்லை. கல்லையும் மணலையும் ஒட்டிக் கூடு கட்டி வாழும் புழுக்களும், ஓரிரு நாளே பறந்து மடியும் பூச்சிகளின் இளசுகளும் தூய நீரில்தான் இருக்கும். தட்டானின் இளசுகள் ஓரளவு தாங்கும். ஆக்சிஜன் அற்றுப்போன சேற்றில் மிஞ்சுவது செந்நிறப் புழுக்கள் மட்டுமே. மத்திய வாரியம் இந்த அடிப்படையில் நீரை ஐந்து தரமாகப் பிரிக்கும் முறையை முன்பே வகுத்திருக்கிறது. பன்னேர்கட்டா காட்டுக்குள் இன்னும் கெடாமல் ஓடும் மழைக்கால ஓடைகளை ஒப்பீட்டுக்கான அடிப்படையாக வைத்துக்கொண்டு, கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி தந்து, நகர ஓடைகளிலும் இதைச் செய்ய முடியும். செலவு சொற்பம்.

இதற்கு நிர்வாகத்தில் ஒரு தடை வரும் என்பதையும் உணர்கிறேன். கழிவுநீர்க் குழாய்கள் குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் பொறுப்பு. ராஜகால்வாய்கள் மாநகராட்சியின் பொறுப்பு. 2025 செப்டம்பர் முதல் அந்த மாநகராட்சியும் ஐந்தாகப் பிரிந்திருக்கிறது. ஒரே கால்வாய் இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட மாநகராட்சிகளைக் கடந்து போகும். எல்லையில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் நிலை வராமலிருக்க வேண்டுமானால், மாநகராட்சி எல்லையைக் கால்வாய் கடக்கும் ஒவ்வோர் இடமும் தங்கள் அளவீட்டு நிலையமாக வேண்டும். உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்ற கழித்தல் கணக்கு இருந்தால் பொறுப்பு தானாகவே வரையறுக்கப்பட்டுவிடும். மாநில எல்லைக்கும் இதே ஏற்பாட்டை வேண்டுகிறேன். தட்சிண பினாகினி கர்நாடகத்தை விட்டு வெளியேறும் இடத்தில் இரு மாநில வாரியங்களும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் மாதிரி எடுத்து, இரண்டு ஆய்வகங்களின் எண்களையும் அருகருகே வெளியிட வேண்டும். கெலவரப்பள்ளி மதகுகளில் நுரை பொங்கும் ஒவ்வொரு முறையும் எல்லையின் இருபுறமும் எழும் குற்றச்சாட்டுகளால் இதுவரை ஒரு லிட்டர் நீர்கூடத் தூய்மையாகவில்லை; ஒப்புக்கொள்ளப்பட்ட எண்கள் இருந்தால் பேச்சு வேறு திசையில் போகும் என்று நம்புகிறேன்.

எண்கள் வெளியாகும் விதமும் மாற வேண்டும். இப்போதுள்ள அட்டவணையில் ஏரியின் பெயரும் வகுப்பும் முக்கியமாகத் தெரிகின்றன. மாதிரி எடுத்த நேரம், இடம், அன்றும் முந்தைய நாளும் பெய்த மழை, நீரின் வெப்பநிலை, ஓட்டம் ஆகியவற்றோடு சேர்த்து, கணினியில் நேரடியாகக் கணக்கிடக்கூடிய வடிவில், பழைய ஆண்டுகளின் எண்களையும் நீக்காமல் வெளியிடுங்கள். கன்னடத்தில் வெளியிடுவதோடு, ஓடைகளின் கரையில் வாழ்பவர்கள் பேசும் தமிழ், தெலுங்கு, உருது மொழிகளிலும் ஒரு பக்கச் சுருக்கம் தந்தால், அதைத் தங்கள் பகுதி மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையை எங்கள் குடியிருப்போர் சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் ஏற்றுக்கொள்ள முடியும்.

எல்லாப் பள்ளத்தாக்குகளிலும் ஒரே ஆண்டில் தொடங்கும்படி கேட்கவில்லை. வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரே ஒரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். அல்சூர் ஏரியின் கோடியிலிருந்து சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூர் வரை செல்லும் கிளை இதற்குப் பொருத்தமானது என்று முன்மொழிகிறேன். இதில் பழைய குடியிருப்புகளும் புதிய அடுக்குமாடிகளும் சலவைத் தொழிலும் சிறு பட்டறைகளும் கலந்திருக்கின்றன. நீளமும் ஒரு குழுவால் நடந்து முடிக்கக்கூடியது. கோடை நடையாய்வு, ஒவ்வொரு சந்திப்பிலும் ஓட்டமும் தரமும், விடியல் அளவீடு, சேற்று மாதிரி ஆகிய நான்கையும் இந்தக் கிளையில் செய்து, மே மாத மழை தொடங்குவதற்குள் முடிவுகளை வெளியிடுங்கள். நடையாய்வின்போது வாரியத்தின் அலுவலர்களோடு வர அப்பகுதிக் குடியிருப்போரிலிருந்து தன்னார்வலர்களைத் திரட்டித் தர ஆயத்தமாக இருக்கிறோம். எந்தத் தெருவின் பின்புறம் எந்தக் குழாய் திறக்கிறது என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கால்வாய்க்குள் எவரும் இறங்க வேண்டியிராதபடி கரையிலிருந்தே மாதிரி எடுக்கும் கருவிகளையும் கையுறைகளையும் காலணிகளையும் வாரியம் வழங்க வேண்டும் என்பது மட்டும் எங்கள் நிபந்தனை.

இந்த ஆய்வை வாரியம் ஏற்கிறதா, ஏற்றால் எந்த அலுவலரைத் தொடர்புகொள்ள வேண்டும், ஏற்காவிட்டால் என்ன காரணத்தால் என்பதை ஜனவரி முடிவதற்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பதில் கன்னடத்தில் வந்தால் அதன் தமிழாக்கத்தை இம்மடலை வெளியிட்ட இதே இடத்தில் முழுமையாக வெளியிடுவேன்.

இங்ஙனம்,
அல்சூர் ஏரிக்கரைக் குடியிருப்பாளர் ஒருவர்,
பெங்களூரு.